நீரேற்று நிலையப் புதுப்பிப்புக்கு முன்தகுதி: டர்ன்ஓவர் போதுமா, ஓடும் நிலையத்தில் வேலை செய்த அனுபவம் வேண்டாமா?

கொங்கு_கட்டுமானம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது சின்ன நிறுவனம். சிவிலும் உண்டு, பம்ப், பேனல், பைப்லைன் வேலையும் உண்டு. ஒரு மாநகராட்சி (பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் பில் பாஸ் ஆக வேண்டும்) தன் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உள்ள சுத்த நீர் பம்ப் ஹவுஸைப் புதுப்பிக்க முன்தகுதி அறிவிப்பு (விலையைப் பார்க்கும் முன் தகுதியானவர்களை வடிகட்டுவது) கொடுத்திருக்கிறது. எஸ்டிமேட் 18 கோடி, காலம் 15 மாதம். ஐந்து பம்ப்செட், எச்.டி. (உயர் அழுத்த மின்) பேனல், டெலிவரி ஹெடர் (பம்ப்கள் எல்லாம் தண்ணீர் தள்ளும் பொதுக் குழாய்), வால்வுகள் எல்லாம் மாற்ற வேண்டும். சம்ப்பில் (தண்ணீர் தேங்கும் தொட்டியில்) ஒழுகல் அடைப்பு, கட்டடப் பழுது, கிரேன் சீரமைப்பும் சேர்த்தி.

நிபந்தனைகள் இவை. மூன்று வருட சராசரி டர்ன்ஓவர் 36 கோடி. கடந்த ஐந்து வருடத்துக்குள், தமிழ்நாட்டுக்குள், 14.40 கோடிக்குக் குறையாத ஒரே வேலையாகக் குடிநீர் நீரேற்று நிலையம் முடித்திருக்க வேண்டும். ஜே.வி. (இரண்டு நிறுவனம் கூட்டாக விண்ணப்பிப்பது) கிடையாது. விண்ணப்பிக்க 15 நாள்.

எங்களிடம் இருப்பது இரண்டு வேலை. ஒன்று 11 கோடியில் புதிதாகக் கட்டியது. மற்றது நான்கு வருடத்துக்கு முன் 9.60 கோடியில் ஒரு பழைய பம்ப் ஹவுஸை, ஊருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கொடுத்தது. புதிய நிலையம் மட்டுமே கட்டிய ஒரு பெரிய கம்பெனி இதில் தகுதி பெறும், நாங்கள் பெற மாட்டோம். ஆட்சேபம் எழுப்ப இடமிருக்கிறதா, இல்லை பேசாமல் விட்டுவிடுவதா?

உறை_இரண்டு:
விட வேண்டாம். ஆனால் கோபத்தைத் தள்ளி வைத்துக் கணக்கை எடுங்கள்.

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் தொழில்நுட்பப் பிரிவு 2002 டிசம்பரில் முன்தகுதிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சராசரி ஆண்டு டர்ன்ஓவர் எஸ்டிமேட்டில் குறைந்தது 30 சதவீதம். ஏழு வருடத்துக்குள் முடித்த ஒத்த வேலை, 40 சதவீத மதிப்பில் மூன்று, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. இதை 18 கோடிக்குப் போட்டால் டர்ன்ஓவர் 5.40 கோடி. வேலை 7.20 கோடியில் மூன்று, 9 கோடியில் இரண்டு, 14.40 கோடியில் ஒன்று. உங்கள் 11-ம் 9.60-ம் இரண்டாவது வழியில் நேராக உள்ளே வந்துவிடும். உங்கள் அறிவிப்பை எழுதியவர் மூன்று வழியில் கடினமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெட்டியிருக்கிறார். ஏழு வருடம் ஐந்தாகிவிட்டது. டர்ன்ஓவர் 30 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 200 சதவீதம்.

அந்தச் சுற்றறிக்கை மத்திய அரசு அமைப்புகளுக்கானது, மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது. அதைச் சட்டம் போலக் காட்டினால் அந்த ஒரு வரியைப் பிடித்தே நிராகரிப்பார்கள். அளவுகோலாக மட்டும் காட்டுங்கள்.

இன்னொன்று. இது தனியாக நடக்கும் முன்தகுதியா, இரு உறை டெண்டரின் முதல் உறையா? அறிவிப்பைத் திரும்பப் படித்துச் சொல்லுங்கள். பேச்சு வழக்கில் இரண்டையும் பி.க்யூ. (பிரீ-குவாலிஃபிகேஷன்) என்றே சொல்கிறோம், நடைமுறை வேறு. டெண்டராக இருந்தால் 2000-ஆம் ஆண்டு தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடிக்கு மேல் 30 நாள் தர வேண்டும். குறைத்தால், அழைக்கும் அலுவலருக்கு மேலே உள்ள அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

கொங்கு_கட்டுமானம்:
நன்றி மேடம். இரு உறைதான். தொழில்நுட்ப உறைக்குள்ளேயே தகுதி ஆவணம். விலை உறை தேர்வானவர்களுக்கு மட்டும் திறப்பார்கள்.

உறை_இரண்டு:
அப்படியென்றால் 15 நாள்தான் உங்கள் முதல் கேள்வி.

பழைய_ஈ.ஈ.:
நான் செயற்பொறியாளராக (ஈ.ஈ.) இருந்தவன், மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். டர்ன்ஓவரைக் கூட்டி எழுதும் அதிகாரி எல்லாம் யாருக்கோ சாதகமாக எழுதுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள். பயத்தில் எழுதுபவர்கள்தான் அதிகம். பம்ப் ஹவுஸ் வேலையில் பணம் முன்னாலேயே போய் நிற்கும். பம்ப், மோட்டார், பேனல் ஆர்டர் போடும்போதே தயாரிப்பாளர் அட்வான்ஸ் கேட்பார். பொருள் சைட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். துறை பில் போடுவதோ பொருள் வந்த பிறகு. இடையில் கையில் காசில்லாத காண்ட்ராக்டர் சிவில் வேலையை மட்டும் இழுத்துக்கொண்டு உட்காருவார். பழைய பம்ப் இரண்டைக் கழற்றியாகிவிட்டது, புதியது வரவில்லை, மூன்றில் நகரம் ஓடுகிறது, அதில் ஒன்றுக்கு பேரிங் சத்தம் போடுகிறது. அந்த நிலையில் இரவு தூங்காமல் இருப்பது காண்ட்ராக்டர் அல்ல, செயற்பொறியாளர்.

ஆனால் அதற்கு மருந்து டர்ன்ஓவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 கோடி டர்ன்ஓவர் உள்ளவர் 150 கோடி வேலையை ஏற்கெனவே தலையில் வைத்திருக்கலாம். பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, வங்கி தரும் கடன் வசதிச் சான்று. இந்த வேலைக்கென்று இவ்வளவு தொகை கிடைக்கும் என்று வங்கி எழுத்தில் தர வேண்டும். வெறும் சால்வென்சி சான்று போதாது, அது சொத்து மதிப்பைத்தான் சொல்லும், செலவழிக்கக் கையில் இருப்பதைச் சொல்லாது. இரண்டாவது டெண்டர் கொள்ளளவு. உலக வங்கித் திட்டங்கள் வழியாக நமக்குப் பழகிய சூத்திரம்தான், ஏ × என் × 2 − பி. ஏ என்பது கடந்த ஐந்து வருடத்தில் ஒரே வருடத்தில் அதிகபட்சமாகச் செய்த வேலையின் மதிப்பு, இன்றைய விலைக்குக் கொண்டுவந்தது. என் என்பது இந்த வேலைக்கான காலம், வருடத்தில். பி என்பது அதே காலத்தில் முடிக்க வேண்டிய கைவசமுள்ள வேலை.

20 கோடி ஏ, ஒன்றேகால் வருடம் என் என்றால் 50 கோடி. கைவசம் 35 கோடி வேலை இருந்தால் மிச்சம் 15. 18 கோடி வேலைக்கு அவர் தகுதி இல்லை. அதே ஆள் கைவசம் 10 கோடிதான் வைத்திருந்தால் தாராளமாகத் தகுதி. டர்ன்ஓவர் இந்த இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும்.

பம்ப்ஹவுஸ்காரன்:
ஈ.ஈ. சார் சொன்னது பணத்தைப் பற்றி. வேலையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. புது பம்ப் ஹவுஸ் கட்டுவதும் ஓடும் பம்ப் ஹவுஸை மாற்றுவதும் ஒரே வேலை இல்லை. அறிவிப்பில் “நீரேற்று நிலையம் முடித்திருக்க வேண்டும்” என்று எழுதியவர் ஒரு நாள் பழைய நிலையத்தில் வால்வு மூடிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஐந்து பம்ப்பும் ஒரே டெலிவரி ஹெடரில் சேரும். மூன்றாவது பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்றால் அதன் டெலிவரி வால்வை மூட வேண்டும். முப்பது வருட ஸ்லூயிஸ் வால்வு மூடினாலும் முழுசாகப் பிடிக்காது. சீட்டில் தேய்மானம், அடியில் மண், ஸ்பிண்டில் வளைந்திருக்கும். பிடிக்காத வால்வுக்குப் பின்னால் ஃபிளாஞ்ச் கழற்றினால் மெயின் பைப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஹாலுக்குள் வரும், கீழே மோட்டார், கேபிள் டிரெஞ்ச். ஆகையால் ஒரு பம்ப்பைக் கழற்ற ஐந்தையும் நிறுத்த வேண்டும். நகரத்தில் அறிவிப்பு கொடுத்து எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ ஷட்டவுன் வாங்கி, அதற்குள் பழைய வால்வை வெட்டி எடுத்து, புதியதைப் பொருத்தி, கசிவு பார்த்து, ஹெடரில் காற்றை வெளியேற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். பழைய ஃபிளாஞ்சின் போல்ட் ஓட்டை புதியதோடு ஒத்துப்போகாது என்பது மணி பதினொன்றுக்குத் தெரியவரும். அனுபவம் உள்ளவன் ஷட்டவுனுக்கு முன்பே அளவெடுத்து, டிஸ்மேண்ட்லிங் ஜாயிண்ட்டும் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மேக்-அப் பீஸும் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) தயார் செய்து வைத்திருப்பான். இல்லாதவன் லேத் பட்டறை தேடி ஓடுவான். அதற்குள் உயரத் தொட்டிகள் காலி.

இதைக் கேட்கும் நிபந்தனை அந்த அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. கொங்கு அண்ணன் செய்த 9.60 கோடி வேலைதான் இந்த வேலைக்கு உண்மையான ஒத்த வேலை. அதைத் தள்ளிவிட்டு 14.40 கோடியில் வயலில் புது நிலையம் கட்டியவரை எடுக்கிறார்கள்.

வார்டு_17:
காண்ட்ராக்டர்கள் மட்டும் பேசுகிறீர்கள், குடிப்பவனும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 2022 ஆகஸ்ட் கடைசியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். ஓ.பி. கர்ட்டிஸ் சுத்திகரிப்பு நிலையத்தில் பிரதான பம்ப்கள் பழுதாகி, மாற்று பம்ப்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பேர்ல் ஆற்றில் வெள்ளம். அழுத்தம் விழுந்து சுமார் ஒன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் பாதுகாப்பான தண்ணீர் இல்லை. பள்ளிகள் மூடல், கழிப்பறைக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பணக்கார நாட்டின் ஒரு மாநிலத் தலைநகரத்தில் இது. பம்ப் நின்றால் அடுத்த நாள் வரிசையில் குடத்தோடு நிற்பது நாங்கள்தான். யார் தகுதி என்று முடிவு செய்யும் கூட்டத்தில் எங்களுக்கு நாற்காலி கிடையாது.

பழைய_ஈ.ஈ.:
ஜாக்சனில் அது பல வருடப் பராமரிப்புக் குறையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து வந்தது, ஒரு காண்ட்ராக்டர் தேர்வால் வந்ததில்லை. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் மாற்று பம்ப்பில் ஓடும் காலம்தான் ஆபத்தான காலம் என்பது சரி. புதுப்பிப்பு வேலை என்றாலே அந்தக் காலத்தை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

நம் ஊரிலேயே பாருங்கள். வீராணம் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்படுகிறது, அங்கிருந்து காடாம்புலியூருக்கு மறுபடி ஏற்றம், அப்புறம்தான் தாழ்வோட்டத்தில் போரூர் வரை வருகிறது. 180 எம்.எல்.டி. (நாளுக்கு 18 கோடி லிட்டர்) கொள்ளளவு, 230 கிலோமீட்டருக்கு மேல் குழாய். நடுவில் ஒரு நிலையம் நின்றால் மொத்தமும் நிற்கும். கீழ்ப்பாக்கம் 1914-இல் தொடங்கியது, செங்குன்றம் ஏரியிலிருந்து மூடிய செங்கல் கால்வாயில் தண்ணீர் வந்து மணல் வடிகட்டிகளில் இறங்கிய காலம். இன்று 270 எம்.எல்.டி. நிலையம். இப்படி நூறு வருடத்தில் அடுக்கடுக்காக வளர்ந்த இடங்களில் மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரே வரைபடத்தில் இருக்காது. பழைய ஃபிட்டர் ஒருவர் காலால் தட்டிக் காட்டுவார். தோண்டினால் அங்கேதான் இருக்கும்.

அதனால்தான் பம்ப்ஹவுஸ் தம்பி சொல்வதை ஏற்கிறேன். புதுப்பிப்பு அனுபவம் தனி நிபந்தனையாக வேண்டும். என் காலத்தில் நாங்கள் அப்படி எழுதவில்லை, “ஒத்த வேலை” என்ற இரண்டு சொல்லோடு விட்டுவிடுவோம். அதற்கு ஆளுக்கொரு பொருள்.

மஸ்கட்_வெயில்:
வளைகுடாவில் முன்தகுதிக்கே கட்டுக்கட்டாகக் காகிதம் கேட்பார்கள். செய்முறை அறிக்கை, பாதுகாப்புப் பதிவு, தரக் கட்டுப்பாட்டுத் திட்டம், முக்கிய ஆட்களின் சி.வி., பம்ப் தயாரிப்பாளரின் ஒப்புதல் கடிதம். நல்ல முறைதான், இங்கேயும் கொண்டு வரலாம். ஒரே எச்சரிக்கை. சி.வி.யில் இருக்கும் ஆள் சைட்டுக்கு வரவே மாட்டார். நான் பார்த்த ஒரு வேலையில் பி.க்யூ.வில் காட்டிய கமிஷனிங் எஞ்சினியர் அதே சமயம் வேறு மூன்று கம்பெனியின் பி.க்யூ.விலும் இருந்தார். ஆளை மாற்றினால் அபராதம், மாற்று ஆளுக்கு முன் அனுமதி என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சி.வி. கேட்பதே வீண்.

பெயிண்டிங்_ஒர்க்ஸ்:
இண்டஸ்ட்ரியல் எபாக்சி பெயிண்டிங் சப்-காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம், தமிழ்நாடு முழுக்க. தேவைப்பட்டால் தனிச்செய்தியில் வரவும்.

நெறியாளர்:
விளம்பரத்துக்குத் தனி இழை இருக்கிறது. அடுத்த முறை நீக்கப்படும்.

யாழ்_நீர்:
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஒப்பந்தகாரர் தகுதி பெரும்பாலும் பதிவில் தொடங்குகிறது. சீடா எனப்படும் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் துறைவாரியாகப் பதிவு, நீர் வழங்கல் தனித் துறை, தரம் சி9-இல் தொடங்கி மேலே போகும். கேள்வி கோரலில் (டெண்டர் அழைப்பில்) இன்ன தரத்துக்குக் குறையாதவர் என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் சபை தன் இஷ்டத்துக்கு டர்ன்ஓவரைக் கூட்டிக் குறைக்கும் பிரச்சினை இதில் குறைவு.

குறையும் உண்டு. தரம் நிறுவனத்துக்கு, திறமை ஆளுக்கு. நல்ல பொறியியலாளர் விலகிப் போன பிறகும் நிறுவனத்தின் தரம் பதிவு முடியும்வரை அப்படியே இருக்கும். பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வெளிநாட்டுக் கடனில் வரும்போது இந்தக் கதையே மாறிவிடும். கொழும்புக்கு நீர் தரும் பழைய லபுகம, களட்டுவாவ நிலையங்களின் புனரமைப்பு ஹங்கேரிக் கடனில் நடந்தது. கட்டுண்ட கடன் என்றால் போட்டி கடன் தரும் நாட்டுக்குள் சுருங்கிவிடும்.

பம்ப்ஹவுஸ்காரன்:
செய்முறை அறிக்கைக்கு மார்க் போட வேண்டும் என்பது என் கருத்து. ஷட்டவுன் திட்டம் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், தற்காலிக டீசல் பம்ப் எங்கே வைப்பான், மின்சாரம் பழைய பேனலிலிருந்து புதியதற்கு எந்த வரிசையில் மாறும். இதை எழுதத் தெரிந்தவனுக்கு வேலை தெரியும். 20 மார்க் வையுங்கள்.

சர்ஜ் (குழாயில் திடீரென்று எழும் அழுத்த அலை) பற்றியும் கேட்க வேண்டும். குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீர் கரண்ட் போனதும் சட்டென்று நின்றால் இரும்புக் குழாயில் சுமார் 100 மீட்டர் ஹெட் (அவ்வளவு உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) அளவுக்கு அழுத்தம் கூடும். பழைய நிலையத்தில் மெதுவாக மூடும் நான்-ரிட்டர்ன் வால்வு, கனமான ஃப்ளைவீல் போன்ற மோட்டார் எல்லாம் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கும். லேசான புது மோட்டார், வேகமாக மூடும் இரட்டைத் தகடு வால்வு போட்டு, சர்ஜ் ஆய்வு செய்யாமல் விட்டால் முதல் மின்தடையிலேயே ஊருக்குள் எங்காவது பழைய காஸ்ட் அயர்ன் பைப் வெடிக்கும். பழி பைப் மேல் போகும்.

பழைய_ஈ.ஈ.:
மார்க் வேண்டாம் தம்பி. நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறீர்கள், ஆனால் 20 மார்க்கில் ஒருவருக்கு 14, இன்னொருவருக்கு 11 என்று போட்டால் அந்த மூன்று மார்க்குக்கு நான் நீதிமன்றத்தில் என்ன காரணம் சொல்வேன்? உண்டா இல்லையா என்று மட்டும் வைக்க வேண்டும். “ஓடும் நிலையத்தில், விநியோகத்தைத் தொடர்ந்துகொண்டே, இத்தனை குதிரைத்திறனுக்கு மேற்பட்ட பம்ப்செட் குறைந்தது இரண்டை மாற்றி இயக்கிக் காட்டியிருக்க வேண்டும், செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாதவரின் சான்று வேண்டும்.” இருக்கிறது அல்லது இல்லை. விவாதம் இல்லை.

உறை_இரண்டு:
இதில் ஈ.ஈ. சார் பக்கம்தான் நானும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் தரத்துக்கும் மதிப்பெண் சேர்க்கும் முறையைச் சில பணிகளுக்கு அனுமதித்தது, அதிலும் விலை சாராத பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்கூட்டியே தரம் சார்ந்த கொள்முதல் என்று அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் கட்டு போட்டார்கள். அவ்வளவு தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

நீதிமன்றம் பற்றி ஒரு வார்த்தை. 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த, ஐந்து வருட அனுபவமுள்ள பதிவுபெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரர் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்தார்கள். தான் வைத்த தகுதி விதியைத் தானே மீற அரசு அமைப்புக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவருக்கு வேறு காரணங்களால் நிவாரணம் கிடைக்கவில்லை, ஆனால் கொள்கை நின்றுவிட்டது. 1994 டாடா செல்லுலார் தீர்ப்பு மறுபக்கம். முடிவு எடுக்கப்பட்ட முறையைத்தான் நீதிமன்றம் பார்க்கும், முடிவுக்கு மேல்முறையீட்டு மன்றமாக உட்காராது, டெண்டர் நிபந்தனை வகுப்பதில் தலையிடத் தயங்கும்.

இதன் நடைமுறைப் பொருள், நிபந்தனை கடினம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு உயர் நீதிமன்றம் போனால் கடினம். வேலைக்குத் தொடர்பே இல்லாத நிபந்தனை, விதிப்படி நாள் தரவில்லை, முன்பே எழுத்தில் கேட்டும் பதில் இல்லை என்றால் வேறு கதை. 1998 தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு மேல்முறையீடு பத்து நாளுக்குள் அரசுக்குப் போகலாம், ஆனால் அது டெண்டர் ஏற்பு ஆணைக்கு எதிரானது. நிபந்தனையை எதிர்க்க உங்களுக்கு இப்போது உள்ள வாசல் பிரீ-பிட் கூட்டம்தான் (டெண்டர் போடும் முன் கேள்வி எழுப்பும் கூட்டம்).

பம்ப்ஹவுஸ்காரன்:
சரி, மார்க் வேண்டாம். ஆனால் மின்சாரத்தை விட மாட்டேன். 50 எம்.எல்.டி., 40 மீட்டர் ஹெட் என்று வையுங்கள். பம்ப்பும் மோட்டாரும் சேர்ந்த திறன் 60 சதவீதம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 0.18 யூனிட், 78 சதவீதம் என்றால் 0.14. நாளுக்கு ஏறத்தாழ 2,100 யூனிட் வித்தியாசம். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டால் வருடத்துக்கு 61 லட்சம். எந்த காண்ட்ராக்டர் இதற்கு முன் செய்த வேலையில் திறன் உத்தரவாதத்தைச் சைட்டில் அளந்து காட்டினார் என்று முன்தகுதியிலேயே கேட்க வேண்டும்.

உறை_இரண்டு:
கணக்கு சரி, இடம் தப்பு. திறன் உத்தரவாதம் தொழில்நுட்ப விவரக்குறிப்பிலும், குறைந்தால் பிடிக்கும் தொகையிலும் வர வேண்டியது. முன்தகுதியில் போட்டால், சைட்டில் ஃப்ளோமீட்டர் வைத்து அளந்த சான்று எத்தனை பேரிடம் இருக்கும்? பெரும்பாலான துறைகள் தொழிற்சாலைச் சோதனையோடு நிறுத்திவிடுகின்றன. நல்ல காண்ட்ராக்டரையே வெளியே தள்ளிவிடுவீர்கள். முன்தகுதியில் ஒவ்வொரு வரி கூடும்போதும் போட்டியில் ஒருவர் குறைகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

மஸ்கட்_வெயில்:
ஜே.வி. கூடாது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த வேலையில் பாதி சிவில், பாதி மின் இயந்திரம். இரண்டிலும் ஒருவரே கெட்டி என்பது அபூர்வம். ஜே.வி.யைத் தடுத்தால் பெரிய சிவில் கம்பெனி எடுத்து, பம்ப் பகுதியை யாரிடமாவது சப்-காண்ட்ராக்ட் கொடுக்கும். அந்த யாரோ முன்தகுதியில் இல்லவே இல்லை.

பழைய_ஈ.ஈ.:
ஜே.வி. என்றால் துறைக்கு வேறு பயம். வேலை நின்றால் இருவரும் ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். அதற்கு ஒப்பந்தத்தில் இருவருக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு என்று எழுதினால் போதும். உலக வங்கி மாதிரி ஆவணங்களில் வழக்கமாக ஜே.வி.யில் முன்னணிப் பங்காளி பணத் தகுதியில் 40 சதவீதமாவது, மற்றவர் 25 சதவீதமாவது தனியாகவே காட்ட வேண்டும் என்று இருக்கும். பெயரைக் கடன் கொடுத்து உட்காருபவரை அது ஓரளவு வடிகட்டும். ஜே.வி. வேண்டவே வேண்டாம் என்றால், பம்ப் பகுதியின் சிறப்பு சப்-காண்ட்ராக்டர் யார் என்று விண்ணப்பத்திலேயே பெயர் சொல்லச் சொல்லி, அவருடைய அனுபவத்தையும் தகுதியில் சேர்க்கலாம். பிறகு அவரை மாற்ற அனுமதி வேண்டும்.

வார்டு_17:
சான்றுகள் எல்லாம் உண்மை என்று யார் பார்க்கிறார்கள்? கலர் ஜெராக்ஸ் காலம் இது.

உறை_இரண்டு:
நல்ல கேள்வி. வழங்கிய அலுவலகத்துக்கே எழுதிக் கேட்பது ஒன்றுதான் வழி. தனியார் வேலைச் சான்று என்றால் டி.டி.எஸ். (பில்லிலேயே பிடிக்கும் வருமான வரி) கணக்கோடு ஒப்பிடலாம், மத்திய பொதுப்பணித் துறை அப்படித்தான் கேட்கிறது. 14 கோடி வேலை செய்ததாகச் சொல்பவருக்கு வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் அதற்கான பிடித்தம் இருக்க வேண்டுமே. அப்புறம் சான்றில் தொகை மட்டும் பார்க்காதீர்கள். எப்போது முடிய வேண்டியது, எப்போது முடிந்தது, நீட்டிப்பு யார் காரணத்தால் என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத சான்று பாதிச் சான்று.

கொங்கு_கட்டுமானம்:
இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பிரீ-பிட்டுக்கு எழுதியதை வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, 2 கோடிக்கு மேற்பட்ட டெண்டருக்கு 30 நாள் தர வேண்டிய இடத்தில் 15 நாள் தந்ததற்குப் பதிவுசெய்த காரணம் என்ன, இல்லையேல் நீட்டிக்கவும். இரண்டு, 80 சதவீத ஒரே வேலைக்கு மாற்றாக 50 சதவீதத்தில் இரண்டு, 40 சதவீதத்தில் மூன்று ஆகியவற்றையும் ஏற்கவும், ஐந்து வருடத்தை ஏழாக்கவும், பழைய வேலை மதிப்பை வருடத்துக்கு 7 சதவீதம் கூட்டி இன்றைய அளவுக்குக் கொண்டுவரவும். மூன்று, ஒத்த வேலை என்பதில் விநியோகம் நிற்காமல் செய்த புதுப்பிப்பைச் சேர்த்து விளக்கவும். நான்கு, டர்ன்ஓவருக்குப் பதில் வங்கிக் கடன் வசதிச் சான்றும் டெண்டர் கொள்ளளவும் கேட்கவும். ஐந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்ற நிபந்தனையும் ஜே.வி. தடையும் பாரபட்சமானவை, நீக்கவும்.

பழைய_ஈ.ஈ.:
நான்காவதில் “டர்ன்ஓவருக்குப் பதில்” என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டர்ன்ஓவரைக் குறைத்து, மற்ற இரண்டையும் சேர்க்கவும் என்று கேளுங்கள். அதிகாரிக்குக் கோப்பில் எழுத எளிது. மூன்றாவதை முதலில் கொண்டு வாருங்கள், மற்றதெல்லாம் உங்களுக்காகக் கேட்பது, அது ஒன்றுதான் நகரத்துக்காகக் கேட்பது போலப் படிக்கும்.

உறை_இரண்டு:
7 சதவீதம் மத்திய பொதுப்பணித் துறையின் தனிவட்டிக் கணக்கு, அதையும் எழுதுங்கள். உங்கள் 9.60 கோடி நான்கு வருடத்துக்கு 12.29 ஆகும். 14.40-ஐ எட்டாது, ஆனால் 9 கோடி வரம்புக்கு மேலே வசதியாக நிற்கும். ஐந்தாவதில் “பாரபட்சமானவை” வேண்டாம், “இவற்றைத் தளர்த்தினால் போட்டி கூடும்” போதும். ஜே.வி.யையும் மாநில நிபந்தனையையும் பிரித்து இரண்டு கேள்வியாக்குங்கள். ஒன்றாக இருந்தால் ஒரே வரியில் “ஏற்க இயலாது” என்று முடித்துவிடுவார்கள்.

பம்ப்ஹவுஸ்காரன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஷட்டவுன் எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் தருவார்கள், தற்காலிக பம்ப்பிங் செலவு யாருடையது. அது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் யார் தேர்வானாலும் நடு வேலையில் சண்டைதான்.

கொங்கு_கட்டுமானம்:
எஸ்டிமேட்டில் தேடினேன், தற்காலிக பம்ப்பிங்குக்கு அயிட்டமே இல்லை. சேர்த்துவிட்டேன். புதுப்பிப்பு அனுபவத்தை முதல் கேள்வியாக மாற்றி, ஐந்தாவதை இரண்டாகப் பிரித்து, திங்கட்கிழமை மின்னஞ்சலிலும் போர்ட்டலிலும் அனுப்புகிறேன். பிரீ-பிட் வியாழன். கொரிஜெண்டம் (திருத்த அறிவிப்பு) வந்தால் இங்கேயே போடுகிறேன்.